தேர்க்கொடையும் கார்க்கொடையும்

பண்டைத் தமிழ் வேந்தர் புலவர்க்கும் பாணர்க்கும் பொருநர்க்கும் வழங்கிய பரிசில்களுள் பொன்னும் யானையும் போலத் தேரும் ஒன்றாகும். முள்ளூர் மலைக்குத் தலைவனாகிய மலையமான் திருமுடிக்காரி தேர் வழங்குவதிற் பேர்பெற்றவன். அவனைப் பாடிய கபிலர், கள்ளுண்டு களித்திருக்கும் வேளையிலே தேர் கொடுத்தல் எவர்க்கும் எளிது என்றும், மலையன் கள்ளுண்ணாது தெளிந்திருந்து கொடுத்த தேர்களோ முள்ளூர் மலையிற் பெய்த மழையின் துளிகளினும் பல என்றும் வியந்து கூறுகின்றார். அதே கபிலர் அதே மலையனை நோக்கி, கொடுத்தல் எளிது, பெறுவோரின் தரமறிந்து கொடுத்தலே அரிது என்று பிறிதோரிடத்தில் எடுத்துரைத்தலையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். முன்னையது புகழ்ச்சி, பின்னையது புகழ்ச்சியோடு கலந்த அறிவுரை.

அக்காலத்துத் தேருக்கு இக்காலத்தில் இணை யாது என வினவுவார்க்குத் தெருவில் ஓடும் சாதாரண மோட்டார் வண்டியைக் காட்டுதல் பொருந்தாது. விரைவும் அழகும் அருமையும் ஒருங்கு வாய்ந்து, செல்வர் சிலரே வைத்திருக்கத்தக்கதாய், சேகரிப்போர் நாடெங்கும் தேடித் திரிவதாய் உள்ள காரே அதற்கு இணையாகும். (கார் என்னுஞ் சொல் தமிழில் முகிலையுங் குறிக்கும், கைம்மாறு கருதாக் கொடைக்கு முகிலையே உவமையாகக் கூறுதல் நம் புலவர் மரபு. ஆங்கிலச் சொல்லொன்று நம் மொழியுள் வந்து இவ்வாறு பொருந்தியது தற்செயலே.) அத்தகைய காரினை அறப்பணிக்கென ஒருவர் கொடுப்பாராயின், அதனைப் பெற்றவர் என் செய்வர்? பெறுவோர்க்குப் பயன்படாத பெரும்பொருள் கொடையாகுமா, சுமையாகுமா? கல்லூரிக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் பொருளுதவும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பராதலின், இவ்வினா ஏட்டோடு நிற்கும் வினாவன்று.

படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை நிறுத்திச் சென்ற பறம்பின் கோமான் பாரியை அறியாத தமிழ் மாணவர் இலர். மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் அவனோடு சேர்த்துக் கூறுவர். இத்தகைய கொடையைச் சான்றோர் கொடைமடம் என்றனர். தகுதியும் தேவையும் ஆராயாது, இரக்கம் எழுந்தவுடனே கையிலுள்ளதைக் கொடுத்துவிடுதல் கொடைமடமாகும். முல்லைக்கு வேண்டியிருந்தது ஒரு கொழுகொம்பே. மூங்கிற் கழியொன்று நட்டிருந்தாலும் அது படர்ந்திருக்கும். தேரின் விலையும் விரைவும் அக்கொடிக்கு எள்ளளவும் பயன்படா. பாரியின் உள்ளத்தை அளக்கும் அளவுகோலாக நாம் அத்தேரைப் போற்றுகின்றோம், போற்றத்தக்கதே. ஆனால் அறப்பணி நடத்துவோர், அளித்தவரின் உள்ளத்தோடு பெற்றவரின் வயிற்றையும் எண்ணவேண்டியவராவர்.

இவ்விரண்டையும் எண்ணியவன் சோழன் கரிகாலன் எனலாம். பொருநராற்றுப்படையில், பொருநனுக்கு அவன் வெண்குதிரை நான்கு பூட்டிய தேரினை அளித்தான் என்றும், குதிரைகளை ஓட்டும் தாற்றுக்கோலின் முள்ளைக் களைந்து கொடுத்தான் என்றும், ஏழடி பின்சென்று வழியனுப்பினான் என்றும் காண்கின்றோம். முள்ளை ஏன் களைந்தான்? குதிரைகள் கடுவிரைவின; பொருநனோ தேரூர்ந்து பழகாதவன். முள் பட்டால் குதிரை பறக்கும், பொருநன் தரையிற் கிடப்பான். இஃது என் கருத்து. இனி, தேரோடு அவன் நில்லாது நல்லூர்கள் பல அடங்கிய நாட்டையும் உடன் வழங்கினான் என்பது இன்னுஞ் சிறப்பு. நான்கு குதிரைக்குப் புல்லும் கொள்ளும் வேண்டும்; தேர்ப்பாகனுக்குக் கூலி வேண்டும்; அச்சு முறிந்தாற் தச்சனைத் தேடவேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது யார் என்று நம்மவர் கேட்பது போல, இவற்றுக்கெல்லாம் வருவாய் எங்கிருந்து வரும் என்பதற்கு அவ்வூர்களே விடை.

இனிக் காருக்கு வருவோம். இந்திய மண்ணில் நிகழ்ந்த கார்க்கொடை ஒன்று இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், நற்கருணை மாநாட்டின் பொருட்டுப் பாப்பரசர் ஆறாம் பவுல் பம்பாய்க்கு எழுந்தருளினார். பாப்பரசர் ஒருவர் இந்தியாவுக்கு வந்தது அதுவே முதன்முறை. அவர் பயணஞ் செய்வதற்கென அமெரிக்க மக்கள் வெண்ணிற லிங்கன் கொன்டினென்டல் கார் ஒன்றை அன்பளிப்பாக அளித்திருந்தனர். லிங்கன் கொன்டினென்டல் அக்காலத்து அமெரிக்கக் கார்களுள் முதல்வரிசையில் வைத்தெண்ணப்பட்டது. எட்டு உருளைகளும் ஏறத்தாழ ஏழு லீற்றர் கொள்ளளவும் உடைய பொறி; பின்கதவுகள் மற்றைக் கார்களைப் போலன்றிப் பின்புறத்தே கீல் பொருத்தப்பட்டவை. அதற்கு முந்திய ஆண்டு டலாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்ததும் அப்பெயர் பூண்ட காரே. பம்பாயை விட்டு நீங்குகையிற் பாப்பரசர் அவ்வண்டியைக் கல்கத்தாவில் ஏழைகளிடையே பணிபுரிந்த அன்னை திரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்த்தான், 1964 நவம்பரில், தம் மணிமுடியையும் அவர் ஏழைகளுக்கென ஒப்படைத்திருந்தார் என்பதை உடன்வைத்து நோக்கினால், அவர் மனப்போக்கு விளங்கும்.

கல்கத்தாவின் சேரிகளில் நடந்து திரியும் அருட்சகோதரிகளுக்கு ஏழு லீற்றர்க் கார் எதற்கு? எண்ணெய்ச் செலவு ஒன்றே அவர்தம் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிடும். அன்னை திரேசா அதில் ஒருமுறையேனும் ஏறிச் சென்றாரல்லர். உடனே விற்றாருமல்லர். அக்காரையே பரிசாக வைத்துச் சீட்டிழுப்பு ஒன்றை நடத்தினார். இது நுண்ணிய அறிவின் செயல் என்பது என் துணிபு. அக்காலத்து இந்தியாவில் அத்தகைய காரை விலைகொடுத்து வாங்கி, எண்ணெய் ஊற்றி, உதிரிப்பாகம் வரவழைத்து ஓட்டவல்லவர் மிகச் சிலர். வாங்குவோர் சிலராயின் விலை தாழும். சீட்டு வாங்கவல்லவரோ ஆயிரக்கணக்கினர்; அவருட் பெரும்பாலார் கார் கிடையாது என்று அறிந்தே அறத்தை எண்ணிக் கொடுப்பவர். ஆகவே நேர் விற்பனையாற் கிடைக்கக்கூடியதினும் பெருந்தொகை திரண்டது. அத்தொகை மேற்கு வங்காளத்தில் அசன்சோலுக்கு அண்மையில், அரசு அளித்த நிலத்தில், தொழுநோயாளர்க்கென எழுந்த சாந்தி நகர்க் குடியிருப்புக்குப் பயன்பட்டது.

தொழுநோய்க்குப் பல மருந்துகளை ஒருங்கே அளிக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் டப்சோன் என்னும் ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்ணவேண்டியிருந்தது. நோய் தணிந்தாலும் ஊர் சேர்க்காது, குடும்பம் ஏற்காது, வேலை கிட்டாது. நம் நாட்டில் ஹெந்தளையிலும் மட்டக்களப்பு மாந்தீவிலும் இருந்த தொழுநோய் மருத்துவமனைகளை எண்ணிப் பார்ப்போர்க்கு அத்தனிமை எத்தகையது என்பது விளங்கும். மாந்தீவைச் சுற்றி நீர். ஹெந்தளை ஒல்லாந்தர் காலத்தது. சாந்தி நகரில் நோயாளர் தம் குடும்பத்தோடு வாழவும், தொழில் கற்று உழைத்து உண்ணவும் வழி செய்யப்பட்டது. எவரும் தொட அஞ்சிய கைகள் அங்கே செங்கல் அடுக்கி நெசவு நெய்தன. முல்லைக்கு வேண்டிய கொழுகொம்பாகத் தேரை மாற்றியவர் பாரியல்லர், தேரைப் பெற்றவரே என்னும் புதுமையை இங்கே காண்கின்றோம்.

சீட்டிழுப்பு என்பதும் ஒருவகைச் சூதன்றோ என்று வினவுவார் உளர். வள்ளுவர் சூதுக்கென ஓரதிகாரம் வகுத்தார். இசுலாமும் அதனை விலக்குகின்றது. நம் நாட்டில் தேசிய லொத்தர் சபை 1963இல் அமைந்தது. பொதுப்பணிக்கு அதனாற் பணம் சேர்ந்தது உண்மையாயினும், நாட்கூலியில் ஒரு பங்கைச் சீட்டுக்கடையிற் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தொழிலாளியைக் கண்டி நகரில் எவரும் காணலாம். ஆதலால் இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. அறத்தின் பொருட்டு ஒருமுறை நடைபெறும் சீட்டிழுப்பும், நாள்தோறும் ஆசையை வளர்க்கும் லொத்தரும் ஒன்றல்ல என்பது வரையில் நான் உடன்படுவேன். பள்ளிவாசலோ கோயிலோ அதனைச் செய்யலாமா என்றால், வேறு வழி இருக்கையில் வேண்டாம் என்பேன்.

வேறு வழி ஏலமாகும். 2013ஆம் ஆண்டு ஹாலி டேவிட்சன் நிறுவனத்தார் பாப்பரசர் பிரான்சிசுக்கு மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை அளித்தனர். அவர் அதன் எண்ணெய்த் தாங்கியிற் கையெழுத்திட்டு, உரோம் நகரத்துக் கரித்தாஸ் அமைப்பின் ஏழையர் பணிக்கெனக் கொடுத்தார். பன்னீராயிரம் முதற் பதினையாயிரம் யூரோ வரை விலைபோகும் என மதிக்கப்பட்ட அவ்வண்டி, 2014 பெப்ரவரியிற் பாரிஸ் நகர ஏலத்தில் 2,41,500 யூரோவுக்குச் சென்றது. பின்னர் 2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனத்தார் ஹுரகான் கார் ஒன்றை அவர் முன் நிறுத்தினர். வத்திக்கான் கொடியின் வண்ணங்களாகிய வெண்மையும் மஞ்சளும் பூண்டு, பத்து உருளைப் பொறியும் 580 குதிரைவலுவும் கொண்டு, நின்ற நிலையிலிருந்து 3.4 விநாடியில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டவல்லது அது. அதனை அவர் ஆசீர்வதித்துக் கையெழுத்திட்டார், ஓட்டவில்லை. 2018 மே 12ஆம் நாள் மொனாக்கோவில் நடந்த ஏலத்தில் 7,15,000 யூரோ கிடைத்தது; மதிப்பு விலையோ இரண்டரை இலட்சம் முதல் மூன்றரை இலட்சம். ஈராக்கின் நினிவே சமவெளியிற் போரால் இடம்பெயர்ந்தோரின் வீடுகளை மீளக் கட்டுதலும், கடத்தப்பட்டுச் சீரழிக்கப்பட்ட பெண்களுக்கு வாழ்வளித்தலும், ஆபிரிக்காவில் மருத்துவப் பணி புரிதலும் அப்பணத்தின் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன.

இவ்விரு விலைகளையும் ஒப்பிட்டால் ஓருண்மை புலனாகும். மோட்டார்ச் சைக்கிள் பதினாறு மடங்குக்கு மேல் ஏறியது. காரோ இரண்டு மடங்கிற்குச் சிறிதே கூடியது. கையெழுத்து ஒன்றே; பொருளின் விலை சிறிதாயின் கையெழுத்தின் பங்கு பெரிதாகத் தோன்றும். காந்தியடிகள் இதனை நன்கறிந்தவர். ஐந்து ரூபா கொடுத்தார்க்கே கையெழுத்து என்று விதித்து அரிசன நிதிக்குப் பணம் சேர்த்தார். தமக்களித்த வரவேற்பிதழ்ப் பேழைகளை அவ்வவ்விடத்திலேயே ஏலமிட்டார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து, கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பிறவிடங்களிலும் திரட்டியதும் இவ்வாறே கதர்ப் பணிக்கான நிதியாகும்.

கொடுத்த ஊர்தியை விற்காது, அதனையே வேறொன்றாக மாற்றும் வழியும் உண்டு. 2014 மே மாதம் பெத்லகேம் சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே பயன்படுத்திய வண்டியைக் காசாப் பகுதிக் குழந்தைகளுக்கு நடமாடும் மருத்துவ நிலையமாக மாற்றும் ஏற்பாடு, அவர் மறைந்த சில நாள்களின் பின், 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அது விரைவுக் காரன்று. விரைவுக் காரில் இருவர் அமர்வதே அரிது. நோயாளிக்கும் மருந்துப்பெட்டிக்கும் இடமேது? ஆகவே அரிய காரைப் பொறுத்தவரை இவ்வழி பெரும்பாலும் அடைபட்டதே.

பெரியோரின் கைபடாத காரும் பெருவிலை பெறுமா? பெறும், அதற்கு அதன் வரலாறே கையெழுத்தாக அமைதல் வேண்டும். மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியியலறிஞர் ருடோல்ஃப் ஊலன்ஹவுட் 1955இல் அமைத்த மூடுகார்கள் இரண்டே. மணிக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர் செல்லவல்லவை அவை. பந்தயத்துக்கெனப் பிறந்தும் பந்தயங் காணாதவை. அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் வேறொரு கார் பார்வையாளர் மீது பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பருவ முடிவோடு நிறுவனம் பந்தயத்தினின்றும் விலகியது. இரட்டையருள் ஒன்றைத் தன் அரும்பொருட்சாலையில் வைத்துக்கொண்டு, மற்றதை 2022 மே 5ஆம் நாள் அது விற்றது. விலை பதின்மூன்றரைக் கோடி யூரோ. அதற்கு முன் எந்தக் காரும் அவ்விலைக்கு விற்கப்பட்டதில்லை. அப்பணம் சுற்றுச்சூழற் கல்வி, கரிவளி வெளியேற்றத்தைக் குறைக்கும் ஆராய்ச்சி ஆகியவற்றில் இளைஞர்க்கு உதவும் நிதியத்துக்கு ஒதுக்கப்பட்டது. எண்ணெய் குடித்துப் புகை கக்கிய பொறி, புகையைக் குறைக்கும் படிப்புக்குப் பணம் ஈட்டித் தந்தது! இதனைக் கழுவாய் என்பாரும் விளம்பரம் என்பாரும் உளர். புலமைப் பரிசில் பெறும் மாணவனுக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது.

கொடுப்போர் உள்ளம் எப்போதும் தூயதன்று என்பதைச் சட்டமியற்றுவோர் அறிவர். ஐக்கிய அமெரிக்காவில் அறப்பணிக்குக் கார் கொடுத்தார்க்கு வருமான வரியிற் சலுகை உண்டு. முன்பு கொடுத்தவரே தம் காரின் விலையை மதிப்பிட்டுச் சலுகை கோரினர். ஓடாத வண்டியும் ஏட்டிலே பெருவிலை பெற்றது. 2005ஆம் ஆண்டு முதல், ஐந்நூறு டொலருக்கு மேற்பட்ட வண்டியை அறநிலையம் தன் பணிக்குப் பயன்படுத்தாது விற்குமாயின், பெரும்பாலும் விற்று வந்த தொகையளவே சலுகை என வரையறுத்தனர். கொடையின் மதிப்பை இப்போது ஏலக்காரன் சுத்தியலே சொல்கின்றது.

பழைய மரபொன்றும் இங்கே கருதத்தக்கது. உமர் என்பார் தம் சிறந்த குதிரையொன்றை இறைவழியிற் கொடுத்தார். பெற்றவர் அதனைப் பேணாது விட்டார், விற்பனைக்கும் வைத்தார். மலிவாகக் கிடைக்குமெனக் கருதி அதனை மீள வாங்க எண்ணிய உமரை நபிகள் நாயகம் தடுத்தார். ஒரு வெள்ளிக் காசுக்குக் கிடைப்பினும் கொடுத்ததை மீளப் பெறலாகாது என்பது அவர் தீர்ப்பு. மடவளையில் இக்கதை அறியாத சிறுவர் இலர். கொடுத்தபின் பொருள் பெற்றவருடையது என்பதைப் பெரும்பாலும் இதிலிருந்து கற்பிப்பர். நான் இன்னொன்றையுங் காண்கின்றேன். நல்ல குதிரை, பேணும் வசதியற்றவர் கையில் மெலிந்துபோயிற்று. கொடுத்தவர் மனமும் நொந்தது, குதிரையும் நலிந்தது, பெற்றவர்க்கும் பெரும்பயன் விளையவில்லை.

நம் நாட்டு நிலைமை யாது? 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரையில் மீளத் தொடங்கவில்லை. அவ்வைந்தாண்டிற் பழைய கார்களின் விலை ஏறியது. ஆகவே பாட்டனார் காலத்துக் கார் கொட்டிலில் நிற்கும் குடும்பங்களிடம் உள்ளது அற்பப் பொருளன்று. ஆயினும் அதனைப் பெறும் பாடசாலையோ இல்லமோ, பெயர் மாற்றம், காப்புறுதி, ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சாரதியின் சம்பளம் ஆகியவற்றைச் சுமக்கவேண்டும். விரைவுக் கார் நிலத்தோடு படிந்து செல்வது. வத்தேகமத் தெருவின் குழியொன்றே அதன் அடிவயிற்றைக் கிழிக்கும். நான் அறிந்த பாடசாலையொன்றுக்குப் பழைய மாணவர் சிலர் பேருந்து ஒன்றை மேளதாளத்தோடு அளித்தனர். சாரதிக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது விழாவன்று எவர்க்கும் தோன்றவில்லை. இரண்டாண்டின் பின் அது பலாமரத்தடியில், காற்றிறங்கிய சக்கரங்களோடு, கோழிகளின் உறைவிடமாயிற்று.

இதற்கு மறுதலையாகத் தலதா மாளிகையின் யானைகளைக் கூறலாம். பெரகராவிற் புனிதப் பேழையைப் பல்லாண்டு சுமந்து 1988இல் மறைந்த ராஜா என்னும் கொம்பன் யானையும் கொடையாக வந்ததே. யானையளவு தீனி தின்னும் ஊர்தி கொடைப்பொருள்களுள் வேறில்லை. எனினும் மாளிகையில் அதற்குத் தகுந்த பணி இருந்தது, பாகர் இருந்தனர், கித்துள் ஓலையும் பலாக்குழையும் கொணர்வோர் இருந்தனர். கொடையும் இடமும் பொருந்தின.

அரிய கார் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம் கல்லூரிக்கோ வேறோர் அறநிலையத்துக்கோ அதனைக் கொடுக்க விரும்பின், முதலிற் கேட்கவேண்டியது, விற்பவர் யார் என்பது. காரின் அருமை அறிந்தவரும், அதனை நாடும் சேகரிப்போரை அறிந்தவரும் கொடையாளியே. அதிபரும் ஆசிரியரும் அச்சந்தையின் வாசலையும் அறியார். முதலில் வந்து குறைந்த விலை கூறும் தரகனிடம் அவர்கள் அகப்படுதல் எளிது. ஆகவே தாமே விற்றுப் பணமாகக் கொடுத்தல் பெரும்பாலும் நன்று. கொடையாளியின் பெயரே விலையை உயர்த்தவல்லதாயின், அறநிலையத்தின் பெயரால் வெளிப்படையாக ஏலமிடுதல் அதனினும் நன்று. எவ்வழியாயினும் காரோடு அதன் ஏடுகளும் சேரவேண்டும். முதல் விற்பனைச் சீட்டு, பொறியிலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பொருந்தும் பதிவுப் புத்தகம், பழுதுபார்த்த கணக்குகள், பழைய நிழற்படங்கள் ஆகியவை இல்லாதவிடத்துச் சேகரிப்போர் பாதி விலையுங் கொடார். பாட்டனார் இறந்தபின் பெட்டியைத் துப்புரவு செய்கையில் முதலில் எரிக்கப்படுவன இக்கடிதங்களே என்பதைப் பழைய மாணவர்க்கு நினைவூட்ட விரும்புகின்றேன்.